மாலையில் கோதுமை வயலுக்கு வரும் மான்கள்: வேட்டைக்கு அனுமதி தரலாமா?

கேள்வி: தெற்கு இங்கிலாந்தில் 60 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, குளிர்காலக் கோதுமை விதைத்திருக்கிறேன். மேற்குப் பக்கம் முழுக்கக் காடு. நவம்பர் நடுவிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் 10, 12 மான்கள் வந்து மேய்கின்றன. துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவர், ஒரு மாலை அனுமதித்தால் இரண்டு மான்களைச் சுட்டுத் தருவதாகச் சொல்கிறார். அனுமதிக்கலாமா? பயிர் தப்புமா? நானும் கூடப் போய்ப் பார்க்கலாமா?

பதில்: வணக்கம். அனுமதிக்கலாம். ஆனால் ஒரு மாலை போதாது. மார்ச் 31 வரை நடக்க வேண்டிய வேலையாக இதைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது டிசம்பரில் மான் கடித்த கோதுமையைப் பார்த்தால் வயிறு எரியும்தான். ஆனாலும் இந்தப் பருவத்தில் கோதுமையின் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இலையைத்தான் மான் தின்கிறது, உயிர் அடியில் பத்திரமாக இருக்கிறது. வேர் நன்றாகப் பிடித்திருந்தால் தூர் கட்டும்போது பயிர் பெரும்பாலும் தேறிவிடும். மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் தண்டு நீளத் தொடங்கியதும் அந்த நுனி மேலே ஏறும். அதற்கப்புறம் விழும் ஒவ்வொரு கடியும் ஒரு கதிரைக் கொண்டுபோகும். கதிர் வந்தபின் தின்பது ஒரு பக்கம், படுத்தும் மிதித்தும் சாய்ப்பது இன்னொரு பக்கம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பெண் மான்களைச் சுடும் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. பயிருக்கு உண்மையான ஆபத்து தொடங்கும் நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். சேதத்தை நிரூபிக்க முடிந்தால், பயிர் நிலத்தின் பொறுப்பாளர் மூடிய பருவத்திலும் சுட 1991ஆம் ஆண்டு மான் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அப்போது பெண் மான்கள் நிறைசினையாக இருக்கும், இல்லையென்றால் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியைப் பட்டினியில் விடும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அதனால் பயிர் பச்சையாகக் குட்டையாக இருக்கும் இந்த மாதங்களில்தான் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

முதலில் வருவது எந்த மான் என்று பாருங்கள். இத்தனை பேர் கூட்டமாக வருவதால் ஃபாலோ மானாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் அதன் புள்ளிகள் மங்கிவிடும், ஆனால் கறுப்பு வரி உள்ள நீண்ட வால் இருக்கும். ரோ மான் என்றால் வால் வெளியே தெரியாது, பின்புறம் வெள்ளையாகப் பளிச்சிடும். தனியாகவோ சிறு குடும்பமாகவோதான் வழக்கமாக வரும், ஆனால் குளிர்காலத்தில் திறந்த வயல்களில் அதுவும் கூட்டம் சேர்வதுண்டு. நம் ஊரில் கேளையாடு என்கிறோமே, அதன் சீன உறவான முன்ட்ஜாக்கும் அங்கே உண்டு. நாய் போலக் குரைக்கும், அதற்கு மூடிய பருவமே கிடையாது. கடித்த இலையையும் குனிந்து பாருங்கள். மானுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் இல்லை, அதனால் பிய்த்துத் தின்னும், நுனி நார்நாராக இருக்கும். கத்தியால் சீவியதுபோல் இருந்தால் அது முயல் வேலை.

இன்னொன்று, இந்த வாரமே செய்யுங்கள். 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் கம்பிவலைக் கூண்டு நாலைந்து செய்து, காட்டோரத்திலும் நடு வயலிலும் கவிழ்த்து, ஆட முடியாதபடி முளை அடித்து வையுங்கள். உள்ளே இருக்கும் பயிரையும் வெளியே இருக்கும் பயிரையும் மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுங்கள். சேதம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெளிவாகும். பின்னாளில் யாராவது கேட்டாலும் காட்டக் கையில் சான்று இருக்கும்.

அந்த நண்பருக்குச் சரி சொல்வதற்கு முன் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள். வேட்டை உரிமையை நில உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். அப்படி இருந்தால் அவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வருபவரின் உரிமத்தையும் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள், அதில் கூச்சம் வேண்டாம். மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர் என்றால் நல்லது. துப்பாக்கியின் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குண்டு கிளம்பும்போது 1,700 அடி-பவுண்டு ஆற்றலாவது வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். முன்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கும் மட்டும் இதில் தளர்வு உண்டு.

சரி, மாலைக்கு வருவோம். உங்கள் வயலின் அமைப்பு ஒரு விதத்தில் நல்லது, இன்னொரு விதத்தில் சிக்கல். அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதாவது காட்டிலிருந்து வயலை நோக்கி. கிழக்கிலிருந்து நடந்து வருபவரின் வாடை மானுக்குப் போகாது. மானுக்கு மூக்குதான் காவல்காரன். காற்று மாறி வீசினால் அன்றைக்குத் திரும்பிவிடுவதே மேல். காட்டு ஓரத்துக்குள்ளேயே நின்று மோப்பம் பிடித்துவிட்டு, உங்கள் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

சிக்கல் வெளிச்சம். காடு மேற்கே இருப்பதால் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும். பார்ப்பவர் கண் கூசும், மான் நிற்கும் ஓரம் இருண்டு கிடக்கும். டிசம்பரில் அங்கே 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. மறைந்து 1 மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் கடைசி நிமிடம் வரை சுடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நெஞ்சில் குண்டு பட்ட மான்கூட 50, 100 மீட்டர் ஓடிப் புதருக்குள் விழும். அதைத் தேடவும் வெளிச்சம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் கடைசி வெளிச்சத்தில் சுட்ட பெண் மானை இரவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. காலையில் 80 மீட்டர் தள்ளிப் பள்ளத்தில் கிடந்தது. எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நான் பக்கத்திலேயே நின்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2 மணிக்கே இடத்தில் உட்காரட்டும். தேடும் பழக்கமுள்ள நாய் ஒன்று அருகில் இருக்கட்டும்.

நடந்து தேடுவதைவிட உங்கள் வயலுக்குப் பரண் பொருந்தும். தினைப்புனம் காத்தவர்கள் பரண் கட்டியது பார்வைக்காக. இங்கே அதோடு இன்னொரு காரணமும் உண்டு. மேலிருந்து சுட்டால் குண்டு மண்ணில் புதையும். தப்பிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது. மரங்கள் அதற்குத் தடுப்பு அல்ல, மண்மேடுதான் தடுப்பு. காட்டோரத்தின் வடமூலையில் பரணை வைத்து ஓரத்தை ஒட்டித் தெற்கே பார்த்தால், சூரியன் நேராகக் கண்ணில் அடிக்காது, வாடையும் வயல் பக்கம் போய்விடும். வயல் வழியாகப் பொது நடைபாதை போகிறதா? போனால் அந்தப் பக்கம் குழல் திரும்பவே கூடாது, இதில் பேச்சே இல்லை.

கொம்புள்ள ஆணைச் சுட்டுத் தருவதில் பலருக்கு ஆசை. ஆண்கள் சில குறைந்தாலும் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. பெண் மான்களைக் குறைத்தால்தான் கூட்டம் குறையும். தாயோடு குட்டி நின்றால் முதலில் குட்டி, பிறகு தாய் என்பது முறை. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் தாயில்லாமல் குளிரில் விடுவது அதைவிடக் கொடுமை. ரோ மான் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் ஆணுக்கும் கொம்பு உதிர்ந்திருக்கும், அந்த மாதங்களில் அதைச் சுட அனுமதி இல்லை. பின்புறத்தில் தொங்கும் வெள்ளை மயிர்க் கற்றையைப் பார்த்துத்தான் பெண் என்று உறுதி செய்ய வேண்டும்.

12 மானில் 2 குறைந்தால் மீதி 10 சில நாள் விலகியிருந்துவிட்டுத் திரும்பி வரும். ஃபாலோ கூட்டம் ஒரே பண்ணையில் தங்குவதும் இல்லை. பக்கத்து நிலத்தாரையும் சேர்த்துப் பேசுங்கள், அவர்களுக்கும் இதே தலைவலி இருக்கும். 1.5 முதல் 2 மீட்டர் உயர வேலி வேலை செய்யும்தான். ஆனால் குத்தகை நிலத்தில் 60 ஏக்கருக்கு அந்தச் செலவை நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கூடப் போவது நல்லது, ஒரு முறையாவது போங்கள். நீல நிற உடை வேண்டாம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரியாது, நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சரசரக்கும் மழைக்கோட்டும் வேண்டாம். எப்போதும் துப்பாக்கிக்குப் பின்னால் இருங்கள். மான் விழுந்தபின் குடலை எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிணநீர்க் கட்டிகள் வீங்கியோ சீழ் கட்டியோ இருந்தால் காசநோய் சந்தேகம் வரும். அந்த உடலைத் தனியே வைத்துவிட்டு அரசின் விலங்கு நலத்துறைக்குச் சொல்வது கட்டாயம்.

ஜனவரி கடைசியில் கூண்டுப் படங்களையும், எத்தனை மான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற குறிப்பையும் அனுப்பி வையுங்கள். பரணை இடம் மாற்ற வேண்டுமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.