மறுமொழி: செந்தூல் பிளாட்டில் அப்பாவுக்கு டிபி, தட்டைப் பிரித்தால் போதுமா?

வணக்கம் தம்பி. அப்பா மருந்து தொடங்கிப் பத்து நாள், வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை, அதனால் தட்டு டம்ளரைப் பிரித்து ஜன்னலையும் சாத்திவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே தலைகீழ். டிபி (காசநோய்) தட்டு, டம்ளர் வழியாகப் பரவாது. இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளியில்தான் பரவும். சாத்திய அறையில் அது மணிக்கணக்கில் நிற்கும்.

அப்பாவை வெளிப்புற ஜன்னலோரம் படுக்க வையுங்கள், கோரிடோர் பக்கம் வேண்டாம். ஸ்டாண்ட் ஃபேன் கதவருகே, முகம் ஜன்னலை நோக்கி. காற்று முதலில் உங்களைக் கடந்து, பிறகு அவரைக் கடந்து வெளியேற வேண்டும். ஃபேன் ஜன்னல் பக்கம், அவர் பின்னால் இருந்தால் கிருமி உங்கள் முகத்துக்குத்தான் வரும். ஏர்கோன் போடாதீர்கள், அதே காற்றைத்தான் சுற்றவிடும். அவருக்குச் சாதாரண மாஸ்க், பக்கத்தில் இருப்பவருக்கு என்95.

பிள்ளையை இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) கொண்டுபோங்கள். 5 வயதுக்குக் கீழ் என்றால் நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தேவைப்படும். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஆரஞ்சுச் சிறுநீர் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ, கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் குழம்பினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். இருமல் நின்றாலும் மருந்து வழக்கமாகக் குறைந்தது 6 மாதம்.