ஒரே செம்மண், தோப்பில் பொலபொலப்பு, கொல்லையில் பொருக்கு: ஏன்?

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒன்றில் அப்பா வைத்த மாந்தோப்பு, 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து ஏக்கர் கொல்லையில் வருஷா வருஷம் மல்லாட்டை (நிலக்கடலை). மழை பெய்தால் தோப்பில் தண்ணீர் இறங்கிவிடுகிறது, கொல்லையில் வழிந்தோடுகிறது, காய்ந்ததும் பொருக்கு தட்டி முளைப்பே சரியில்லை. அங்ககக் கார்பன் (மண்ணில் உள்ள மட்கின் கார்பன்) 0.3 சதவீதம் என்று மண் பரிசோதனையில் வந்தது. ஒரே தடவையில் 10 டிராக்டர் எரு அடித்தால் சரியாகுமா?

ஆகாது. எரு வேண்டும், ஆனால் அதை மண்ணில் தங்கவிடாத வேலைகளை முதலில் நிறுத்த வேண்டும்.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டு இடத்திலும் நெல்லிக்காய் அளவு மண்கட்டி எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர்களில் மெல்ல விடுங்கள். கொல்லைக் கட்டி குமிழி விட்டுக்கொண்டே சில நிமிஷத்தில் கரைந்து சேறாகப் படிந்துவிடும், தோப்புக் கட்டி பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மண்ணைக் குருணை குருணையாகப் பிடித்து வைத்திருப்பது வேர்க்கசிவும், பாக்டீரியா விடும் பசையும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகளும்தான். குருணைக்குள் மாட்டியிருக்கிற மட்கு நுண்ணுயிர்களுக்கு லேசில் கிடைக்காது, அதனால் வருஷக்கணக்கில் தங்கும். ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டி மண்ணைத் தூளாக்கும் சுழல் கலப்பை) ஓட்டினால் குருணை உடைந்து, காற்று புகுந்து, நம் ஊர் வெயில் சூட்டில் அந்த மட்கெல்லாம் வேகமாகத் தின்னப்பட்டுக் கரியமில வாயுவாகப் போய்விடும். பாக்டீரியா சீக்கிரம் மீண்டுவிடும், அறுந்த பூஞ்சைக்குத்தான் நாளாகும். தூளான மண்ணில் மழைத்துளி விழுந்தால் அந்தத் தூளே துளைகளை அடைத்துக்கொள்கிறது, அதுதான் உங்கள் பொருக்கு.

மல்லாட்டையில் இன்னொரு சங்கடம். செடியை வேரோடு பிடுங்குகிறோம், கொடி மாட்டுக்குப் போகிறது, நிலத்துக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலைதான். அப்புறம் ஆடி வரை வெறும் மண். தோப்பிலோ சருகு விழுந்துகொண்டே இருக்கிறது, வேர் எப்போதும் உயிரோடு இருக்கிறது.

ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 900 டன். அதில் கார்பன் 0.1 சதவீதம் ஏற 900 கிலோ நிலைத்து நிற்க வேண்டும். எருவில் பாதி தண்ணீர், மீதியிலும் பெரும்பகுதி சில வருஷத்தில் மட்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். அதனால் அந்த 10 லோடை 5 வருஷத்துக்குப் பிரித்து வருஷம் 2 லோடாகப் போடுங்கள்.

ரோட்டவேட்டரைக் குறையுங்கள், ஈரம் அதிகமிருக்கும்போது டிராக்டரே இறக்காதீர்கள். கடப்பாரை ஒரு ஆழத்துக்கு மேல் இறங்க மறுத்தால் அடியில் மண் தட்டுபோல இறுகியிருக்கிறது என்று அர்த்தம், கோடையில் ஒரு தடவை அதை ஆழமாகக் கீறிவிடும் உளிக்கலப்பை போடலாம். 6 வரிசை மல்லாட்டைக்கு 1 வரிசை துவரை விடுங்கள், அதன் ஆணிவேர் ஆழமாகத் துளை போடும், இலையும் நிறைய உதிர்க்கும். மல்லாட்டை பிடுங்கிய ஈரத்திலேயே கொள்ளு விதைத்து, அறுக்கும்போது தாளை நிலத்திலேயே விட்டுவிடுங்கள். கோடை மழை கிடைத்தால் பசுந்தாள் உரப் பயிரான சணப்பை விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழலாம். தோப்பில் களைக்கு ரோட்டவேட்டர் ஓட்டும் யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம், வெட்டி அங்கேயே பரப்புங்கள்.

பரிசோதனை எண் மெதுவாகத்தான் நகரும். அதற்கு முன்பே டம்ளரில் மாற்றம் தெரியும், ஒவ்வொரு வருஷமும் ஆடி விதைப்புக்கு முன்னால் அதே இடத்துக் கட்டியைப் போட்டுப் பாருங்கள்.