எலிசபெத் காட்டனின் தலைகீழ்க் கிட்டார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில் எலிசபெத் காட்டன் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிக் கேட்டேன். இரண்டு நாளாக 'ஃப்ரெய்ட் டிரெயின்' பாட்டுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுவேலை செய்த பாட்டி, அவரைக் கண்டெடுத்த பணக்கார இசைக்குடும்பம், அறுபது வயதுக்குமேல் அடித்த அதிர்ஷ்டம் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மூன்று சந்தேகங்கள். சின்ன வயதில் அவர் கட்டிய பாட்டு ஐம்பது வருடம் கழித்து ஹிட் ஆனபோது காசு யாருக்குப் போனது? இரண்டாவது, இது ப்ளூஸ்தானா? அழுகையே இல்லையே. மூன்றாவது சொந்த விஷயம். என் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். வீட்டில் இருப்பது சாதாரண வலக்கைக் கிட்டார். கம்பிகளை மாற்றிக் கட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். காட்டனைப் போல அப்படியே திருப்பிப் பிடித்துக் கற்கலாமா?

சு. இளங்கோவன், ஈரோடு

அன்புள்ள இளங்கோவன்,

அதிர்ஷ்டக் கதையைத் தள்ளிவைத்துவிட்டு வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். காட்டன் பிறந்தது 1893 ஜனவரியில், வட கரோலினாவில் சாப்பல் ஹில்லை ஒட்டிய, இன்று கார்பரோ எனப்படும் ஊரில். ஏழெட்டு வயதிலேயே, அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணனுடைய பொருள் என்பதால் கம்பிகளைக் கழற்றி மாற்றிக் கட்ட வழியில்லை. இடக்கைக்காரர், ஆகவே திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வயதில் பள்ளி நின்று வீட்டுவேலை ஆரம்பமானது. சம்பளம் மாதம் முக்கால் டாலர். அதைச் சேர்த்து வைத்து 3 டாலர் 75 சென்டுக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். 'ஃப்ரெய்ட் டிரெயின்' பன்னிரண்டு வயதை ஒட்டிய பாட்டு. ஆக, 1905 வாக்கில் வாத்தியம், கைமுறை, பாட்டு மூன்றும் தயார். அவரைக் 'கண்டெடுத்த' இசைக்குடும்பத்து மகன் மைக் சீகர் பிறந்ததே 1933இல்தான்.

நடுவில் என்ன ஆயிற்று என்றால், 1910இல் திருமணம், ஒரு மகள், தொடர்ந்து வீட்டுவேலை. உலகியல் பாட்டெல்லாம் கூடாது என்று தேவாலயத்தில் சொன்னார்கள். கிட்டாரைக் கீழே வைத்தவர் பல பத்தாண்டுகள் கிட்டத்தட்டத் தொடவில்லை. தேவாலயத்தை மட்டும் குற்றம் சொல்லுகிறவர்கள், காலை முதல் இரவு வரை அடுத்தவர் வீட்டில் நிற்கும் ஒருத்திக்கு வாசிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போடுவதில்லை.

1940களின் நடுவில் வாஷிங்டனில் லான்ஸ்பர்க்ஸ் என்ற பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். சிறுமி பெகி சீகர், தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததும், சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்ததைப் பிள்ளைகள் கேட்டதும் நீங்கள் படித்ததுதான். ஒரு திருத்தம்: அது பணக்காரக் குடும்பமல்ல. தகப்பனார் சார்லஸ் சீகர் சம்பளத்துக்கு வேலை பார்த்த இசையறிஞர், ரூத் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். அவர்களிடம் இருந்தது பணமல்ல, ஒலிப்பதிவுக் கருவியும் நாட்டார் இசை வட்டத்தில் ஆள் பழக்கமும். மைக் சீகர் 1957 கடைசியிலும் 1958 தொடக்கத்திலும் காட்டனின் வீட்டுப் படுக்கையறையில் வைத்து டேப்பில் பதிவு செய்தார். அது 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் எல்.பி.யாக (நீள்தட்டாக) வந்தது. அதற்குப் பிறகும் 1970 வாக்கு வரை அவர் வீட்டுவேலையை விடவில்லை என்பதை 'மேடையேற்றிய' கதைகளில் யாரும் எழுதுவதில்லை.

இனி காசு. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: மெட்டும் சொல்லும். மற்றொன்று ஒலிப்பதிவு. பாடியவருக்கு இரண்டாவதிலிருந்து வருவது நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஃபோக்வேஸ் போன்ற சிறு நிறுவனத்தில் அது பெரிய தொகையாக இருக்க வாய்ப்பில்லை. பாட்டுக்குச் சட்டமே ஒரு விகிதம் வைத்திருந்தது. 1909ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட். 1978 வரை இந்த விகிதம் நகரவே இல்லை. வழக்கப்படி அதில் பாதி பதிப்பாளருக்கு, பாதி பாட்டுக் கட்டியவருக்கு. அதாவது தட்டுக்கு ஒரு சென்ட். 375 தட்டு விற்றால் சிறுமி காட்டனின் ஸ்டெல்லா கிட்டாருக்கான பணம். லட்சம் விற்றால் ஆயிரம் டாலர்.

வானொலி இன்னும் முக்கியம். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு தட்டைப் போட்டால் பாடியவருக்கு எதுவும் கிடையாது. கட்டியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்ற சங்கங்கள் வழியாகப் பணம் போகும். ஆக, காகிதத்தில் பெயர் இல்லையென்றால் பாட்டு ஹிட் ஆக ஆக இழப்பும் கூடும்.

காட்டனுக்கு நடந்தது அதுதான். பெகி சீகர் 1950களில் இங்கிலாந்துக்குப் போனபோது 'ஃப்ரெய்ட் டிரெயின்' பாட்டையும் பாடிக்கொண்டு போனார். அங்கே அப்போது எளிய வாத்தியங்களோடு நாட்டார் பாட்டுகளைப் பாடும் ஸ்கிஃபிள் இசை மோகம். வாயோடு வாயாகப் பரவிய பாட்டு பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ் என்ற இருவர் பெயரில் பதிவானது. 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய தட்டு பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனது. அமெரிக்காவில் ரஸ்டி டிரேப்பரின் தட்டும் அதே வருடம் ஓடியது. காட்டனின் சொந்த எல்.பி. வந்தது அதற்கு அடுத்த வருடம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மற்றவர்களின் ஹிட், பிறகுதான் கட்டியவரின் பதிவு. பெகியும் அவர் வீட்டாரும் அந்தப் பாட்டைச் சமையலறையில் நேரில் கேட்டவர்கள் என்பதால் சாட்சி இருந்தது. அவர்கள் விடாமல் முயன்றதால் காட்டனுக்குப் பெயரும் ஒரு பங்கும் பிற்பாடு கிடைத்தன. ஆனாலும் பழைய தட்டுகளைப் புரட்டினால் அடைப்புக்குறிக்குள் ஜேம்ஸ், வில்லியம்ஸ் பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தட்டு ஒருமுறை அச்சாகிவிட்டால் அந்தச் சிட்டையை யாரும் திரும்பப் போய்க் கிழிப்பதில்லை.

பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவையும் சரியாகப் பெயர் பதிந்த பாட்டுகளே. 'ஓ பேப் இட் எய்ன்ட் நோ லை' என்ற பாட்டை கிரேட்ஃபுல் டெட் குழு 1981இல் வந்த 'ரெக்கனிங்' ஆல்பத்தில் பாடியது. 1967ஆம் ஆண்டு எல்.பி.யின் தலைப்புப் பாட்டு 'ஷேக் ஷுகரீ'. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானாக அடகுக்குப் போகும் பாட்டு அது. வரிகளைக் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள், பாடியது பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா. கச்சேரி வருமானமும் விருதுப் பணமும் சேர்ந்து 1978இல் சிரக்யூஸ் நகரில் வீடு வாங்கிக் குடியேறினார். 1984இல் தேசியப் பாரம்பரிய விருது, 1985இல் கிராமி. 1987 ஜூனில், 94 வயதில் மறைவு. அதே வருடம் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸ் தொகுப்பு முழுவதையும், எந்தத் தட்டையும் விற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கியது. ஈரோட்டில் உட்கார்ந்து நீங்கள் கேட்க முடிந்தது அதனால்தான்.

ப்ளூஸ்தானா என்ற கேள்விக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மனதில் வைத்திருப்பது மிசிசிப்பி டெல்டா ப்ளூஸ். வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியா வரையிலான கிழக்குப் பகுதியில் வளர்ந்த பீட்மான்ட் ப்ளூஸ் வேறு. ராக்டைம் என்ற துள்ளல் இசையில் பியானோக்காரரின் இடக்கை செய்வதைக் கிட்டாரின் பேஸ் கம்பிகள் (தடித்த கம்பிகள்) செய்யும், நடை துள்ளும். சாப்பல் ஹில்லுக்குப் பக்கத்திலுள்ள டர்ஹாமில் புகையிலைக் கிடங்குகளின் வாசலில் பிளைண்ட் பாய் ஃபுல்லர் வாசித்ததும் இதே பாணிதான். 'ஃப்ரெய்ட் டிரெயின்' பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸ் அல்ல, பதினாறு பார் பாட்டு. சுத்தம் பார்ப்பவர்கள் அதை நாட்டார் பாட்டு என்பார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அழுகை இல்லை என்று சொல்லாதீர்கள். எந்த ரயிலில் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிறவள், செத்தபின் எந்தத் தெருவோரத்தில் புதைக்க வேண்டும் என்றும் சொல்லிவைக்கிறாள். அவள் வயது பன்னிரண்டு. 'ஓ பேப்' பாட்டும், பக்கத்து வீட்டுப் பெண்மணி பொய்யாகக் கோள் சொல்லி, அம்மாவிடம் தண்டனை வாங்கிய ராத்திரியில் படுக்கையில் கட்டியது என்று காட்டன் சொல்லியிருக்கிறார்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இடக்கைக்காரருக்கு மூன்று வழி. இடக்கைக் கிட்டார் வாங்குவது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செய்தது போல வலக்கைக் கிட்டாரைத் திருப்பிக் கம்பிகளையும் மாற்றிக் கட்டுவது. காட்டனும் ஆல்பர்ட் கிங்கும் செய்தது போலக் கம்பியைத் தொடாமல் திருப்பிப் பிடிப்பது. கடைக்காரர் சொல்வது இரண்டாவது வழி. அக்கூஸ்டிக் கிட்டாரில் அது பாதி வேலை. தடித்த ஆறாம் கம்பி ஏறத்தாழ 53 தௌ, மெல்லிய முதல் கம்பி 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நட் என்ற மேல்பட்டையின் பள்ளங்கள் இந்த அளவுக்கே வெட்டப்பட்டவை. மாற்றிக் கட்டினால் தடித்த கம்பி குறுகிய பள்ளத்தில் ஏறி நிற்கும், மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடி இரையும். நட்டை மாற்றினாலும், கீழே கம்பிகள் அமரும் சாடில் என்ற பட்டை சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்குக் கட்டைகளில்) சுருதி விலகும். நட், சாடில் இரண்டையும் சரிசெய்வதாகக் கடைக்காரர் சொன்னால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

மூன்றாவது வழியில் கிட்டாருக்கு எந்தச் செலவும் இல்லை, சிரமமெல்லாம் விரலுக்கு. பேஸ் கம்பிகள் தரைப்பக்கமும் மெல்லிய கம்பிகள் முகத்துப் பக்கமும் வந்துவிடும். கழுத்தின் ஓரத்திலுள்ள புள்ளிக் குறிகள் கீழே போய் மறையும். மேல் ஓரத்தில் 3, 5, 7, 9, 12ஆம் ஃப்ரெட்களுக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் வெட்டப்பட்ட கட்அவே கிட்டார் வேண்டாம், வெட்டு தப்பான பக்கம் வரும். கம்பிகள் இடம் மாறாததால் கார்டு படங்களை இடம் வலமாக மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அவற்றிலுள்ள விரல் எண்கள் பொருந்தாது. கீழ்நோக்கி ஸ்ட்ரம் செய்தால் மெல்லிய கம்பிகள் முதலில் ஒலிக்கும், வழக்கமான ஓசை வராது. வலக்கைக்காரர்கள் எஃப் கார்டில் கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாம் கம்பியை அழுத்துவார்களே, அது இங்கே நடக்காது. நான்கு கம்பி எஃப் போதும்.

காட்டனின் ஒலிக்குக் காரணம் இந்தத் திருப்பல்தான். பொதுவாகக் கட்டைவிரல் பேஸை அடிக்கும், விரல்கள் மெட்டை எடுக்கும். அவருக்கு ஆள்காட்டி விரல் பேஸை மேல்நோக்கிச் சுண்டும், கட்டைவிரல் மெட்டைக் கீழ்நோக்கி அடிக்கும். அதனால் பேஸ் கனக்காமல் துள்ளுகிறது, மெட்டு உருண்டு தடிமனாக வருகிறது. வலக்கைக்காரர்கள் அதே சுரங்களை அப்படியே வாசித்தாலும் இந்த எடை மாறிவிடுகிறது.

பழகும் முறை: சி கார்டைப் பிடித்து, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை 60இல் வைத்து, ஆள்காட்டி விரலால் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி என்று மாறிமாறி, தாளத்துக்கு ஒன்றாக. கண்ணை எடுத்தாலும் நிற்காமல் ஓடும்வரை கட்டைவிரல் வேண்டாம். பிறகு முதல் தாளத்தில் இரண்டாம் கம்பியைக் கட்டைவிரல் சேர்ந்து அடிக்கட்டும். அடுத்தது இரண்டு தாளத்துக்கு நடுவில் அடிப்பது. எல்லோருக்கும் தடுக்கும் இடம் அதுதான்; கட்டைவிரல் நடுவில் விழும்போது ஆள்காட்டி விரல் நின்றுவிடும். அப்போது 50க்கு இறக்கி, பேஸை வாயால் எண்ணிக்கொண்டே வாசிக்க வேண்டும். கட்டைவிரல் இயல்பாகவே பலமானது, பேஸை அமுக்கிவிடும். சதையால் மட்டும் அடித்தால் அடங்கும்.

'ஃப்ரெய்ட் டிரெயின்' பாட்டுக்குப் பொதுவாக வாசிக்கும் வரிசை: சி இரண்டு பார், ஜி7 நான்கு, சி இரண்டு, இ7 இரண்டு, எஃப் இரண்டு, சி ஒன்று, ஜி7 ஒன்று, சி இரண்டு. இ7இல் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டை அழுத்த மறந்தால் அது மைனர் ஆகிவிடும், எஃப்புக்கு இழுக்கும் விசை போய்விடும். பாட்டு எங்கோ சப்பென்று இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் அந்த விரலைப் பாருங்கள்.

கையைப் பார்த்துக் கற்க, நாட்டார் பாடகர் பீட் சீகர் 1965, 66இல் நடத்திய 'ரெயின்போ குவெஸ்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டன் வரும் பகுதி இருக்கிறது. கறுப்பு வெள்ளைதான், இரண்டு கைகளும் தெளிவாகத் தெரியும். கேட்பதற்கு 1958 எல்.பி.யிலுள்ள 'வில்சன் ராக்'. அதே தட்டின் 'வாஸ்டபோல்' இப்போதைக்கு வேண்டாம், அது ஓபன் டி என்ற வேறு சுருதி அமைப்பு, கம்பிகளின் சுருதியை இறக்க வேண்டியிருக்கும். கடைக்காரரிடம் 11இல் தொடங்கும் மெல்லிய கம்பி செட் ஒன்று மட்டும் வாங்கி, இருந்த வரிசையிலேயே கட்டச் சொல்லுங்கள்.