ஆள் முன்னால் நின்று விழுங்க வைத்தால்?

கேள்வி: மாமாவுக்குச் சயரோகம் வந்தபோது ஆறு மாதம் ஆள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் குளிசை கொடுத்தார்கள், சுகமாகிவிட்டார். எச்.ஐ.வி.க்கும் அப்படிச் செய்தால் என்ன? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: செய்து பார்த்தார்கள், தங்கச்சி. அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில், போதைப் பழக்கத்துக்கு மெதடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கும் நிலையங்களிலேயே எச்.ஐ.வி. மருந்தையும் விழுங்க வைத்தார்கள். ஆள் நிற்கும்வரை பலருக்கு வைரசு குறைந்தது, திட்டம் முடிந்ததும் அந்த நன்மை நிலைக்கவில்லை. 2009இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும், தானாக எடுப்பதைவிட இதில் மேலதிகப் பலன் தெரியவில்லை என்றது.

சயரோகத்துக்குப் பெரும்பாலும் ஆறு மாதம், இதற்கு ஆயுள் முழுக்க. நாற்பது வருஷம் பக்கத்தில் யார் நிற்பது?

அப்புறம் ஊர்வாய். ஒரே மோட்டார் சைக்கிள் தினமும் காலையில் படலையில் நின்றால், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "ஆர் பிள்ளை வந்தது?" என்பார், நாலாம் நாள் கதை சந்திக் கடைக்குப் போய்விடும். அதற்குப் பயந்தே மருந்தை விடுகிறவர்கள் உண்டு. நகரத்துத் தொடர்மாடியிலும் ஆச்சிமார் இருக்கிறார்கள்!

இப்போது பலருக்கு நாளுக்கு ஒரு குளிசைதான், இலங்கையில் அரச சிகிச்சை நிலையங்களில் இலவசம். ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் வைரசு தெரியாத அளவிலேயே தொடர்ந்து இருந்தால் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முல்லைத்தீவுப் பக்கமிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறுகிறவருக்கு, கண்காணிக்க ஆள் அனுப்புவதைவிட அந்தப் பஸ் காசையும் ஒரே தடவையில் மூன்று மாத மருந்தையும் கொடுக்கலாம் என்பேன்.