படத்திறப்பும் கருமாதியும்

வணக்கம் ஐயா,

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். அப்பா நாற்பது வருடம் கருப்புச் சட்டை போட்டவர். போன மாதம் காலமானார். அவர் எழுதி வைத்தபடி சடங்கு எதுவும் செய்யவில்லை. பதினாறாம் நாள் வாசலில் பந்தல் போட்டுப் படத்திறப்பு நடத்தினோம். முதல் மாலை போட்டவர் சித்தப்பா. சாப்பிடும்போது அவரே சொன்னார்: "கருமாதிக்குப் பதிலா படத்திறப்பு, ஐயருக்குப் பதிலா பேச்சாளர், காவிக்குப் பதிலா கருப்பு. எங்க அண்ணன் மதத்தை விடலடா, மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான்." எனக்குச் சுருக்கென்றது. நான் அப்பா அளவுக்கு இல்லை, வீட்டில் கூப்பிட்டால் கோவிலுக்குப் போவேன். அதனால் பதில் சொல்லவும் வாய் வரவில்லை. நாத்திகத்தை மதம் என்று சொல்லலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவுக்கு என் அஞ்சலி. சித்தப்பா கெட்டிக்காரர்தான். அவர் விட்டுவிட்ட ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன்: படத்திறப்புக்குப் பதினாறாம் நாளைக் குறித்தது யார்? பகுத்தறிவு குறித்திருக்காது. சொந்தக்காரர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள் என்று வைத்திருப்பீர்கள். ஒருவர் போய்விட்டால் நாலு பேர் கூடி உட்கார வேண்டியிருக்கிறது, அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. இத்தனை காலம் மதம் அதை முன்னின்று நடத்தியது. பந்தல் போட்டவருக்கே கல்யாண வீடு சொந்தமாகிவிடுமா?

சரி, சொல்லுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நன்னூலின் 'எழுவகை மதம்' மனப்பாடம் செய்திருப்பீர்கள். உடன்படல், மறுத்தல் என்று போகும். அங்கே மதம் என்றால் நூல் எழுதுகிறவரின் கொள்கை, அவ்வளவுதான். மணிமேகலையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. வஞ்சி நகரத்தில் அவள் சமயக்கணக்கர், அதாவது தங்கள் சமயத்துக்காக வாதாடுகிறவர்கள், ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி என்று போகிற வரிசையில் கடைசி ஆள் பூதவாதி. ஆத்திப்பூவும் கருப்பட்டியும் சேர்ந்தால் போதை பிறப்பதுபோல நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்து உணர்வு பிறக்கிறது, மறுமை என்பதெல்லாம் பொய் என்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே, 'கண்டது மட்டும்தான் உண்மை என்றால் உன் தாய் தந்தை யாரென்று எப்படித் தெரிந்துகொண்டாய்?' என்று மடக்குகிறாள். (நல்ல கேள்வி. சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.) ஆனாலும் சாத்தனார் அவனைச் சமயக்கணக்கர் வரிசையிலேயே உட்கார வைத்திருக்கிறார். இந்தப் பழைய பொருளில் உங்கள் அப்பாவுக்கும் ஒரு மதம் உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

சித்தப்பா சொன்னது அந்தப் பொருளில் இல்லை. இன்றைக்கு நம் ஊர்களில் மதம் என்பது கொள்கையைப் பார்த்து வருவதில்லை. காவேரிப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கருப்புச் சட்டைக்காரர் மாரியம்மன் திருவிழா வரியை ஒரு வருடம்கூடப் பாக்கி வைத்ததில்லை. கேட்டால், "வரி ஊருக்கு, சாமிக்கு இல்லை" என்பார். வரி வசூலிக்கிறவர்களும் அவருடைய நம்பிக்கையை விசாரித்ததில்லை. எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பது தெரிந்தால் போதும், கணக்கில் ஆள் சேர்ந்துவிடும்.

சட்டம் இதற்கும் ஒரு படி மேலே. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967-இல் சட்டமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அந்தத் திருத்தம் எதில் சேர்ந்தது தெரியுமா? 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில், 7-ஏ என்ற பிரிவாக. இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்குத்தான் அது பொருந்தும். புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொண்டவர்களையும் இந்து என்றே எழுதிக்கொண்டது சட்டம். மதம் மாறிவிட்டார் என்று சித்தப்பா சொல்கிறார், மாறவே இல்லை என்கிறது அரசாங்கம். அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரோடும் சண்டைக்குப் போயிருப்பார்.

நாத்திகத்தை மதமாகவே வைத்து முடிவு சொன்ன நீதிமன்றமும் இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் சிறையில் இருந்த ஒருவர் நாத்திகர்களுக்கு ஒரு படிப்பு வட்டம் வேண்டும் என்று கேட்டார். சிறை நிர்வாகம் மறுத்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய நாத்திகத்தை மதமாக எடுத்துக்கொண்டு, மற்ற மதக்காரர்களுக்கு அனுமதி இருக்கும்போது இவருக்கு ஏன் இல்லை என்று கேட்டது. அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு 'மதம்' என்ற சொல்லோடு கட்டப்பட்டிருக்கிறது. மழைக்கு ஒரே குடைதான் என்றால் அதற்குள்தானே நுழைய வேண்டும்? நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மதத்துக்கு வருகிறது. இங்கே நாத்திகர் அந்தக் குடையைக் கடன் வாங்கத் தேவையில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அப்பா நாற்பது வருடம் நாத்திகர், நீங்கள் கோவிலுக்குப் போகிறீர்கள். பிறந்ததற்காக உங்களுக்கு எந்த மதமெல்லாமோ ஒட்டிக்கொண்டது, அப்பாவின் நாத்திகம் மட்டும் ஒட்டவில்லை. வேண்டுமென்றால் அவரைப்போல நீங்களும் முதலிலிருந்து யோசித்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். சித்தப்பாவை மறுக்க எனக்கு இது போதும்.

ஓர் இடத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். எதையும் கேள்வி கேள் என்று சொன்னவரின் வாசகத்தையே கேள்வி இல்லாமல் ஒப்பிக்கிற ஆட்களைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மேடை மேடையாகப் பார்த்திருக்கிறேன். அவர்களை மதக்காரர்கள் என்று சித்தப்பா சொன்னால் நான் குறுக்கே வரமாட்டேன்.

அடுத்த வருடம் நினைவு நாளுக்கு வெளியூர்ப் பேச்சாளர் யாரையும் கூப்பிடாதீர்கள். சித்தப்பாவைப் பேசச் சொல்லுங்கள். நாற்பது வருடம் அண்ணனோடு மல்லுக்கட்டியவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.