40,000 ரூபாயில் இடுப்பு நோகாத சேணம்

கேள்வி: எனக்கு வயது 36. கோயம்புத்தூரில் இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தரோபிரெட் குதிரையைப் போன மாதம் வாங்கினேன். பயிற்சிப் பள்ளியின் பழைய சேணத்தை இரவல் வாங்கித்தான் ஏறுகிறேன். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, முன்பக்கம் உரசிப் புண்ணாகிறது. சாதாரண சவாரி, கொஞ்சம் டிரசாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் பயிற்சி), சின்னச் சின்னத் தாண்டல் எல்லாவற்றுக்கும் பொதுவாக, மெத்தென்று, 40,000 ரூபாய்க்குள் ஒரு இங்கிலீஷ் சேணம் சொல்லுங்கள். தோலா, சிந்தெடிக்கா? ஆன்லைனில் வாங்கலாமா?

பதில்: அந்த 'மெத்தென்று' என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள். கடையில் மர ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது எந்தச் சேணமும் ஐந்து நிமிடத்துக்குச் சோபா மாதிரிதான் இருக்கும். உங்கள் தொல்லைக்குக் காரணம் இருக்கையின் பஞ்சு இல்லை என்று நினைக்கிறேன். சேணம் முன்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறது.

தரோபிரெட் குதிரைக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்குமல்லவா, வித்தர்ஸ் என்பார்கள், அது உயர்ந்து ஒடுங்கியிருக்கும். பந்தயத்திலிருந்து புதிதாக வந்த குதிரையென்றால் அதன் இரண்டு பக்கமும் சதையில்லாமல் குழிந்தே கிடக்கும். பள்ளிச் சேணமோ பல குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போடுவது, பெரும்பாலும் அகலமானது. அகலமான சேணத்தை ஒடுங்கிய முதுகில் வைத்தால் முன்பக்கம் இறங்கும். நீங்கள் முன்னால் வழுக்குவீர்கள், எடை இடுப்பெலும்பின் முன்முனையில் விழும். விழாமல் இருக்க முதுகை வளைத்துப் பிடித்துக்கொள்வீர்கள். புண்ணும் வந்துவிட்டது, இடுப்பு வலியும் வந்துவிட்டது. சேணம் தேவைக்கு மேல் ஒடுக்கமாக இருந்தால் இதற்கு நேர்மாறு: முன்பக்கம் தூக்கும், நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி கால் முன்னே போய்விடும்.

இதைச் சோதிக்க ஒரு கோலிக்குண்டு போதும். கீழே துணி எதுவும் போடாமல், சமதரையில் நிற்கும் குதிரைமேல் சேணத்தை வையுங்கள். தோள்பட்டை எலும்புக்கு மேலே சற்று முன்னால் வைத்து, அதுவாக நிற்கும் இடம் வரை பின்னால் தள்ளுங்கள். அப்புறம் இருக்கையில் கோலியை விடுங்கள். நடுவில் போய் நின்றால் சரி. முன்னால் ஓடினால் நான் சொன்னதுதான் விஷயம்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது குதிரையை. மின்சாதனக் கடையில் தடித்த கம்பி ஒரு மீட்டர் வாங்குங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, அந்த மேட்டின் குறுக்கே கம்பியை அழுத்தி வளையுங்கள். வளைவு கலையாமல் எடுத்து அட்டையில் வைத்து வரைந்து, தேதி போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். எந்த விற்பனையாளரிடம் பேசினாலும் இந்த வரைபடத்தை அனுப்பலாம். 'மீடியம்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு ஒடுக்கமாக இருக்கும்.

நீளமும் முக்கியம். குதிரைக்குப் பக்கத்துக்கு 18 விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சேணத்தின் அடிப்பகுதி போகக்கூடாது, அதற்குப் பின்னால் எடையைத் தாங்க ஆதாரம் இல்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அடியில் ஓடும் கால்வாய் முதுகெலும்பைத் தொடாமல் முழு நீளத்துக்கும் திறந்திருக்க வேண்டும்.

உங்கள் அளவு சுலபம். சுவரில் முதுகு படும்படி நாற்காலியில் உட்கார்ந்து, பின்புறத்திலிருந்து முழங்கால் வரை அளந்து பாருங்கள். சுமாராக 20 முதல் 21.5 அங்குலம் என்றால் 16.5 இருக்கை, அதற்கு மேல் 23 வரை 17, இன்னும் நீண்ட தொடையென்றால் 17.5 அல்லது 18. இது ஆரம்பக் கணக்குதான். உட்கார்ந்ததும் உங்களுக்குப் பின்னால் ஒரு கையகலம் இடம் மிஞ்ச வேண்டும், முழங்கால், பக்கவாட்டில் தொங்கும் மடலான ஃபிளாப்பின் விளிம்பைத் தாண்டக்கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதை எடுங்கள். இறுக்கமான இருக்கை நடுவயதில் யாருக்கும் சுகம் தந்து நான் பார்த்ததில்லை.

இருக்கையின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியை ட்விஸ்ட் என்பார்கள். அது எவ்வளவு அகலம் இருந்தால் பிடிக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதை ஏறிப் பார்த்துத்தான் அறிய முடியும். அங்கவடி, அதாவது பாதம் வைக்கும் வளையம், தொங்கும் இரும்புப் பட்டை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது மிக முன்னால் இருந்தால், எத்தனை பாடம் எடுத்தாலும் உங்கள் கால் பின்னால் வராது.

தோலா, சிந்தெடிக்கா? உங்கள் நிலைமைக்கு நான் யோசிக்காமல் சிந்தெடிக் என்பேன், அதிலும் முன்வளைவுத் தகட்டை (சேணத்தின் முன்பக்கம் எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது) மாற்றக்கூடிய வகை. ஆஸ்திரேலியாவின் வின்டெக் இதற்குப் பேர்போனது. அதன் தகடுகளுக்கு நிறக்குறி உண்டு: ஒடுக்கத்துக்கு மஞ்சள், அடுத்து பச்சை, மீடியத்துக்குக் கறுப்பு. புதிதாக வாங்கினால் பட்ஜெட்டைத் தாண்டக்கூடும், நல்ல பழையது தேடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஐப்பசி மழையில் தோல் சேணத்தில் பூக்கும் பூஞ்சையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தோல்தான் வேண்டும் என்றால் கான்பூர் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1860களில் அங்கே சேணத் தொழிற்சாலை வந்தது முதல் ஊரே அந்தத் தொழிலில் ஊறியது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. (இங்கிலாந்தில் இதற்கு இணை வால்சால் ஊர். அங்கே கால்பந்து அணியைக் கூட 'சேணக்காரர்கள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) ஆனால் கான்பூரிலிருந்து ஏற்றுமதித் தரமும் வரும், பார்வைக்கு மட்டும் சேணமாக இருப்பதும் வரும். கடிவாளம், அங்கவடி, துணி எல்லாம் சேர்த்து ஒரே 'செட்' என்று மலிவாக வந்தால் ஒதுங்கிவிடுங்கள். கவிழ்த்துப் போட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கால்வாய் நேராக ஓடுகிறதா, இரண்டு பக்கத் திணிப்பும் ஒரே உயரமா என்பது தெரிந்துவிடும்.

பழையது வாங்குவதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். மினுமினுவென்று பாலிஷ் போட்ட சேணம், பாதி விலை. வீட்டுக்கு வந்து மடியில் வைத்து அழுத்தினால் உள்ளே 'கிறீச்' என்கிறது. உள்ளிருக்கும் சட்டம் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யும் செலவுக்கு இன்னொரு சேணம் வாங்கிவிடலாம். பின்விளிம்பை வயிற்றில் அண்டக்கொடுத்து முன்விளிம்பை உங்களை நோக்கி இழுங்கள். சற்று நெளியலாம். இருக்கையின் குறுக்கே மடிப்பு விழுந்தாலோ சத்தம் வந்தாலோ வேண்டாம். முன்வளைவின் இரண்டு கைகளையும் உள்ளே நெருக்கினால் அசையவே கூடாது. வயிற்று வார் மாட்டும் பட்டிகளைத் தூக்கி, அவை தைக்கப்பட்ட இடத்தை இழுத்துப் பாருங்கள். துளைகள் நீண்டு போனது கூடப் பரவாயில்லை, பட்டி மாற்றிக்கொள்ளலாம். தையல் இற்றிருந்தால் அதைத் தைக்காமல் ஏறாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கலாம், திருப்பி எடுப்பார்கள் என்ற உறுதி எழுத்தில் இருந்தால் மட்டும். சோதித்துப் பார்க்கும்போது அடியில் மெல்லிய வெள்ளைத் துணி விரியுங்கள், கறை படியாமல் இருந்தால் திருப்புவதில் தகராறு வராது. இருபது நிமிடம் ஏறி இறங்கியதும் முதுகில் வியர்வையைப் பாருங்கள். சேணம் பட்ட இடமெல்லாம் நனைந்து அதற்குள் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகம், இல்லையென்றால் சேணம் அங்கே படவே இல்லை. தடித்த பேடு வைத்துச் சமாளிக்கலாம் என்று லாயத்தில் யாராவது சொல்வார்கள். கடிக்கிற செருப்புக்குள் இன்னொரு சாக்ஸ் போடுகிற வைத்தியம் அது.

40,000 முழுவதையும் சேணத்துக்கே கொட்டிவிடாதீர்கள். வயிற்று வார், அங்கவடி வார், அங்கவடி தனியாக வாங்க வேண்டும். அங்கவடி உங்கள் பூட்ஸைவிட ஒரு அங்குலம் அகலமாக இருக்கட்டும். அதற்கும் குறைந்தால் விழும்போது கால் சிக்கும். ஐந்தாறாயிரம் ஒதுக்கி வைத்தால், திணிப்பைச் சரிசெய்யவும் உதவும்.

ஆறு மாதம் ஒழுங்காகத் தீனியும் வேலையும் கொடுத்தால், உங்கள் குதிரைக்கு அந்தக் குழிகளில் சதை ஏறும். அப்போது கம்பியை மறுபடி வளைத்து, பழைய அட்டை மேல் வைத்துப் பாருங்கள். பச்சைத் தகட்டில் ஆரம்பித்தவர்கள் கறுப்புக்குப் போக வேண்டியிருக்கும். சிந்தெடிக் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.