மாருதி 800 கார்கள் ஏன் சாலையில் காணாமல் போகின்றன? இப்போது ஒன்று வாங்கலாமா?

உறவில் யாரோ தங்கள் பழைய 800ஐக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கோத்தகிரிக்காரன். "டப்பா வண்டி, தானாக ஒழிந்தது" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

அப்பா 1998இல் வாங்கியது. வெள்ளை நிறம், டிஎன் 43 பதிவு, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) மாடல். மார்கழிக் காலையில் சோக்கை (குளிரில் கிளப்ப உதவும் இழுப்புக் குமிழ்) முழுக்க இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் மூன்று சிலிண்டரும் நடுங்கி நடுங்கிப் பிடிக்கும். அப்புறம் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும்.

ஓர் ஐப்பசி மழை ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. மேட்டுப்பாளையம் ரோட்டில் சீகை மரம் சாய்ந்து கிடந்தது. முன்னால் போன ஜீப்பும் வேனும் அப்படியே நின்றுவிட்டன. மரத்தின் நுனிக்கும் பள்ளத்தோரச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. 800இன் அகலம் 1,440 மில்லிமீட்டர், நாலே முக்கால் அடிகூட இல்லை. தம்பி டார்ச் அடித்தபடி முன்னால் நடக்க, கிளைகள் கூரையைக் கீறக் கீற நுழைந்து வந்தோம். அந்தக் கீறலுக்குக் கடைசிவரை பெயின்ட் அடிக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார்.

ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, எனக்கும் தெரியும். நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு 100இல் ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஏன் காணோம் என்றால், 1983 டிசம்பரில் வந்த வண்டி. பாரத் ஸ்டேஜ் 4 என்கிற புகை மாசு விதியால் 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றது, 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. பெரும்பாலானவை 15 வருஷம் தாண்டிவிட்டன. அதற்குமேல் ஓட்ட ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. அதோடு டிங்கரிங், பெயின்ட், டயர். கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்கிற மெக்கானிக் எங்கள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் பட்டறையை மூடிவிட்டார்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியே ஆக வேண்டும். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்குபவர் வழிவிட வேண்டும். சீசனில் யார் விடுகிறார்கள்? பெரிய வண்டிக்காரர்கள் ஹைபீமைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் இறங்குகிறார்கள். முதல் கியரில் ஏறுகிற சின்ன வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்று, கிளட்ச் கருகக் கருக மறுபடி கிளம்ப வேண்டும். இதற்குப் பயந்தே வண்டியை மாற்றியவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர்.

எங்களுடையது துருவில் போனது. ஆர்.சி.க்குத் தயார் செய்யும்போது டிரைவர் பக்க ரப்பர் மேட்டைத் தூக்கினேன், தகடு ஓட்டையாகிக் கீழே மண் தெரிந்தது. எடைக்குத்தான் போட்டோம்.

நீங்கள் வாங்குவதென்றால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மேட்டைத் தூக்கிவிட்டு, தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வேண்டாம். கெட்டியாக நின்றால், ஆர்.சி. எதுவரை இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள்.